ஆகாயத்தில் துவைதம்

விமானத்தைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதற்காக வல்லரசுகள் கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டிருக்கின்றன. அதே காரியத்தை, டிரான்ஸ்மிட்டரும் கையுமாக மைதானத்தில் நிற்கும் எங்களைப் போன்ற மாதிரி விமானப் பிரியர்கள், மறையாதே மறையாதே என்று மன்றாடிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைதோறும் அநாயாசமாகச் சாதித்து வருகிறோம். ஒன்றரை மீட்டர் சிறகுள்ள விமானம் 150 மீட்டருக்கு அப்பால் சென்றதும், அகலத்தில் ஏறக்குறைய பூர்ண சந்திரனுக்குச் சமானமாகிவிடுகிறது. ஆனால் சந்திரன் மல்லாந்திருக்கிறதா, குப்புற இருக்கிறதா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எங்கள் விமானமோ மல்லாந்து பறப்பது தெரியாமல், மேலே ஏற்றுவதாக எண்ணி எலிவேட்டரை இழுத்தோமானால், அக்கட்டளையைச் சிரமேற்கொண்டு பூமாதேவியை நோக்கிப் புறப்பட்டுவிடும்.

இதற்குப் பரிகாரம் வர்ணமே என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதமில்லை. எந்த வர்ணம் என்று வரும்போதுதான் ஒவ்வொருவரும் ஒரு மடாதிபதியாகிவிடுகிறோம். பகலில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சைக்கே அதிகமாக வசப்படும் என்று ஒருவர் சாஸ்திரப் பிரமாணம் காட்டுவார். சிவப்புக் கட்சிக்காரரை நோக்கி, அந்தி மயங்கும்போது முதலில் கறுத்துப்போவது சிவப்பே என்று பொஹீமிய அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்ததை இன்னொருவர் நினைவூட்டுவார். பரிசோதனைகள் செய்து பார்த்த பிரிட்டிஷ் விமானப் படையார், 1990-களில் தங்கள் பயிற்சி விமானங்களுக்குப் பளபளக்கும் கறுப்பையே பூசினார்கள் என்று மூன்றாமவர் சொன்னதும் சபை கலைந்துவிடும்.

ஆகாயமோ இவர்கள் அனைவரையும்விடப் பெரிய வேதாந்தி. விமானத்தின் அடிப்புறத்துக்குத் தரையிலிருந்து பிரதிபலிக்கும் சொற்ப வெளிச்சமே கிட்டுகிறது. பின்னாலிருக்கும் வானம் அதனினும் பன்மடங்கு பிரகாசமானதால், மஞ்சளும் சிவப்பும் பேதங்களெல்லாம் அழிந்து ஏகமாகக் கறுத்துத் தோன்றும் அத்வைத நிலையை எய்திவிடுகின்றன. இந்த ரகசியத்தை அறிந்த அமெரிக்கக் கடற்படையார், இரண்டாம் உலகப் போரின்போது அவெஞ்சர் விமானத்தின் முன்புறத்தில் விளக்குகளைப் பொருத்தி, அதன் இருட்டை வானத்தின் வெளிச்சத்தோடு சமன்செய்து, 12 மைலிலேயே தென்பட்டுவிடும் அதனை 2 மைலுக்குள் வரும்வரை காணவொட்டாமல் செய்தார்கள். பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு ஒளிந்தவர்கள் உலக சரித்திரத்தில் அபூர்வம்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது இன்ன வர்ணம் என்பதல்ல, மேற்புறம் வேறு, கீழ்ப்புறம் வேறு என்று உரக்கச் சொல்லும் துவைதமே: மேலே பளிச்சென்ற ஒரே நிறம், கீழே கறுப்பும் வெள்ளையுமான அகன்ற பட்டைகள். அகலம் முக்கியம், ஏனெனில் 150 மீட்டர் தூரத்தில் நல்ல கண்ணுங்கூடச் சுமார் 4 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. கண் விழித்துச் சின்னஞ்சிறு சதுரங்கக் கட்டங்களாக ஒட்டுகிறவர், அவ்வளவு பிரயாசைக்கும் பலனாகப் பெறுவது அப்பழுக்கற்ற சாம்பல் நிறந்தான்.

இத்தனையும் எங்கள் மைதானத்துச் சரித்திரப் பிரியரான ஒரு பெரியவரிடம் செல்லுபடியாகவில்லை. அவர் தம் ஸ்பிட்பயர் போர்விமான மாதிரிக்கு 1941-இன் போர்க்கோலத்தை, மேலே பச்சையும் சாம்பலும், கீழே வெளிர்சாம்பலுமாக, அணுவளவும் பிசகாமல் தீட்டியிருந்தார். அது மேலே போனதும், “என்ன ஸார், வருகிறதா, போகிறதா?” என்று பதறுவார். “வர்ணம் மிகவும் தத்ரூபம், ஸார், எங்களுக்கும் தெரியவில்லை” என்போம்.

அவரைக் கடைத்தேற்றியதும் சரித்திரமே. 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்பின்போது, சொந்தப் பீரங்கிக்காரர்களே சுட்டுவிடாதிருக்க, நேச நாட்டு விமானங்களின் சிறகுகளிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பாக, ஒற்றை எஞ்சின் விமானமானால் 18 அங்குல அகலத்தில், பட்டைகளை அவசர அவசரமாகத் தீட்டினார்கள். ஒரு மாதம் கழிந்ததும் மேற்புறத்தவற்றை அழித்துக் கீழ்ப்புறத்தவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். எங்கள் துவைதத்துக்கு இதைவிட ஆதாரம் வேண்டுமோ? பெரியவரின் மனச்சாட்சி சம்மதித்தது, பட்டைகள் ஏறின. இப்போதெல்லாம் அவருடைய ஸ்பிட்பயர் மல்லாந்து விழுவதை மைதானத்திலுள்ள அனைவரும் சந்தேகத்துக்கு இடமின்றிக் கண்டு களிக்கிறோம்.