மாட்டுத்தாவணி வழி சுரபாயா

பகலெல்லாம் டவுன் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிவிட்டு வருகிற மனுஷன், ராத்திரியில் போனில் பஸ் ஓட்டுகிறான் என்றால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அதுதான் கிடைக்கிறது.

விளையாட்டின் பெயர் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. அந்த நாட்டு ஊர், அந்த நாட்டு ரோடு, அந்த நாட்டு பஸ். அங்கேயும் இடது பக்கம்தான் போகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். இது போதாதா? நம் பையன்கள் அரசுப் பேருந்து, ஆம்னி பஸ் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அப்படி இறக்கும் வண்டிக்குத்தான் மோட் என்று பெயர். விளையாட்டே அதற்கு வழி வைத்திருக்கிறது. திருட்டு வேலை ஒன்றுமில்லை.

செய்முறை கேட்க எளிது. மோட் ஃபைலை போனில் ‘பஸ்சிட்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மோட்ஸ்’ ஃபோல்டரில் போட வேண்டும். கராஜைத் திறந்தால் வண்டி நிற்கும். ஆனால் அந்த ஃபைல் கைக்கு வர ஒரு ஜென்மம் போதாது. டவுன்லோட் பக்கத்தில் நாலைந்து பட்டன்கள். பச்சையாக, பெரியதாக, கண் சிமிட்டிக்கொண்டிருப்பது எல்லாம் விளம்பரம். ஓரத்தில், வரதட்சணை கேட்கத் தெரியாத மாப்பிள்ளை மாதிரி ஒதுங்கி நிற்கிறதே, அதுதான் நிஜம். இறக்கினால் ஸிப், ஸிப்புக்குப் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை வீடியோவின் நடுவில் எங்கோ ஒளித்துவைத்து, கண் இமைக்கும் நேரம் காட்டுவார்கள். மகன் பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய வீடியோவை நான் முழுதாகப் பார்த்ததில்லை. இதைப் பார்த்தேன், பேனாவும் கையுமாக.

வண்டி வரவில்லை.

“அப்பா, ஸிப்பை அப்படியே போட்டா எப்படி வரும்? பிரிச்சு, உள்ளே இருக்கிறதைப் போடுங்க” என்றான் மகன், தலையைத் தூக்காமல்.

பிரித்துப் போட்டதும் வந்து நின்றது பாருங்கள், நகரப் பேருந்து! ஆனால் அம்மணமாக. வர்ணத்துக்கு லிவரி என்று தனிப் படம் வேண்டும். பஸ்ஸின் தோலை உரித்துத் தரையில் விரித்ததுபோல ஒரே சதுரத்தில் பக்கவாட்டு, முகப்பு, பின்புறம் எல்லாம் கிடக்கும். எந்த மாடலுக்கு வரைந்ததோ அதற்கு மட்டுமே அது பொருந்தும். நான் அழகாக இருந்த இன்னொரு மதுரை வண்டியின் லிவரியை எடுத்து மாட்டினேன். ‘மாட்டுத்தாவணி’யில் ‘மாட்டு’ டிரைவர் கண்ணாடியிலும் ‘தாவணி’ பின் சக்கரத்தின் மேலும் போய் உட்கார்ந்தன. ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ கூரைக்கு ஏறிவிட்டது. அங்கே அதைப் படிக்க வேண்டியவர்கள் காக்கைகள்தான்.

சரியான லிவரி தேடி ஒரு வாரம் தூங்கவில்லை. அடுக்களைக் குழாய் பொங்கலிலிருந்து சொட்டுகிறது; அதற்கு ஒரு வாஷர் மாற்ற எனக்கு நேரமில்லை என்பதையும், பஸ்ஸின் மட்கார்டு நிறம் சரியில்லை என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்ததையும் மனைவி ஒரே மூச்சில் சொல்லிக்காட்டினாள். குழாய்க்குப் பழைய வாஷரைக் கழற்றி வைத்துக்கொண்டு கடைக்கு அலைய வேண்டும். இங்கே பிடிக்காத மோடை அழித்தால் தீர்ந்தது. ஆனால் மோட் போட்ட பிறகு விளையாட்டு திறக்கவே மாட்டேன் என்றால், கடைசியாகப் போட்டதுதான் குற்றவாளி. ஒரே சமயத்தில் பத்தைக் கொட்டியவன், பத்தையும் விசாரிக்க வேண்டும். நான் பத்தையும் கொட்டுகிற ஜாதி.

ஒருவழியாக மாட்டுத்தாவணி – ஆரப்பாளையம் போர்டோடு இந்தோனேசியாவின் சுரபாயாவுக்குக் கிளம்பினேன். ஹார்ன் மட்டும் அந்த ஊர் ‘தெலோலெத்’. 2016-ல் இந்தோனேசியப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று ‘ஓம் தெலோலெத் ஓம்’ என்று ஹார்ன் அடிக்கச் சொல்லி டிரைவர்களைக் கெஞ்ச, உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கலாம். ‘ஓம்’ என்றால் மாமா. மனைவி சத்தம் கேட்டு வந்தவள் கோபத்தை மறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, அது என்ன காசு ஏறிக்கிட்டே போகுது?”

“டிக்கெட் காசு.”

“டவுன் பஸ்தானே? ஏறினதுல பாதிப்பேர் பொம்பளைங்க. எங்களுக்கு எதுக்குக் காசு?”

தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். சுரபாயாவில் எடுபடாது என்று சொல்லிப் பார்த்தேன். போர்டு மதுரை போர்டுதானே என்கிறாள். இப்போது, இலவச பஸ்ஸுக்கு அடையாளமாக முகப்பில் பிங்க் அடித்த லிவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.