சின்ன வெங்காயம் கடித்தல்: ஒரு சாஸ்திரீய விசாரணை

பாயிரம்

உலகத்தில் ஆகார நியமங்களை வகுத்தவர் பலர். அவற்றைப் படித்தவர் அவரினும் பலர். அனுஷ்டித்தவரை எண்ணப் புகுந்தாலோ ஒரு கை விரல்களே மிஞ்சிப்போகின்றன. மன உறுதியின்மையே இதற்குக் காரணமென்று வைத்தியர்களும், நாவின் சபலமே காரணமென்று பெரியோர்களும் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால், எவ்வித சங்கற்பமும் செய்துகொள்ளாமல், எந்த அட்டவணையையும் சுவரில் ஒட்டாமல், பழைய சோற்றையோ கம்பங்கூழையோ முன்னே வைத்துக்கொண்டு பச்சை வெங்காயத்தைக் கடித்துவருகின்ற ஒரு ஜனசமூகம் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் இருக்க, பண்டித உலகம் அதனை ஏறிட்டும் பாராதிருப்பது நியாயமன்று என்று கருதி இவ்விசாரணையில் இறங்குகிறோம்.

க்ஷேத்திர நிர்ணயம்

ஆராய்ச்சிக்கு எல்லை வகுப்பது முதற்கடமை. இவ்விடத்தில் அதுவே பெரும்பாடு. 1995-இல் திருச்சிராப்பள்ளியினின்று பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதனின்று அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஒரு காயாக ஊன்றப்பட்டு ஒரு கொத்தாகப் பிடுங்கப்படுகின்ற சின்ன வெங்காயத்தின் சுபாவம் நிர்வாகத்துக்கும் தொற்றிவிட்டதோ என்று ஐயுற இடமுண்டு.

மேற்கே செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர், பாடாலூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வெங்காயத்துக்குப் பேர்போனது. கிழக்கே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியிருந்து, சிப்பிகளையும் நத்தைகளையும் கல்லாக விட்டுச்சென்ற அரியலூர்ப் பூமியில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்திலோ முந்திரி காய்க்கிறது. இவ்விரு விளைபொருள்களிலிருந்து ஒரு சமூக நியதி தானே பிறக்கிறது: முந்திரி விருந்தாளிக்கு, வெங்காயம் வீட்டாருக்கு. ஆரோக்கிய விஷயத்தில் விருந்தாளி ஏமாந்துபோகிறார் என்பதை அவருக்கு எவரும் தெரிவிப்பதில்லை.

பிரத்தியட்சம்

சித்திரை வெயிலில் சாலையோரக் கூழ் வண்டியை அணுகி நிற்பவன் இச்சாஸ்திரத்தின் மூலபாடத்தைக் கண்ணாரக் காணலாம். வண்டியின்மேல் மண்பானை; அதனருகே சிறு தட்டுகளில் மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, உரித்த வெங்காயம்.

“அக்கா, இன்னும் ரெண்டு வெங்காயம் வைங்க.”

“கூழு கால் சொம்புதான் கொறஞ்சிருக்கு, வெங்காயம் அஞ்சு போயிருச்சே தம்பி” என்று சொல்லுகிற வாய் வேறு. சொல்லிக்கொண்டே மேலும் இரண்டை எடுத்து வைக்கின்ற கை வேறு. இரண்டுக்கும் அபிப்பிராய பேதம் உண்டென்பதும், கையின் அபிப்பிராயமே செல்லுபடியாகும் என்பதும் இங்கே குறித்துக்கொள்ளத் தக்கவை.

உண்போரிடையே மூன்று மதங்கள் காணப்படுகின்றன. முழுக் காயை முன்பற்களால் இரண்டாக்குவோர் கடிமதத்தார், இவர்களே பூர்விகர். வட்டமாக அரிந்து சோற்றில் கலப்போர் நறுக்குமதத்தார். இவர்கள் நகரவாசத்தால் நாகரிகமடைந்தவர்கள். மூன்றாமவர் நசுக்குமதத்தார். இவர்கள் தோலோடு கூடிய காயைத் திண்ணைக் கல்லின்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரே அழுத்து அழுத்த, தோல் வெடித்து விலகி, ஊதாவும் வெண்மையுமான உள்ளீடு பிதுங்க, அதன்மேல் ஒரு கல் உப்பைத் தேய்த்து உண்பார்கள். கத்தியும் வேண்டாம், பலகையும் வேண்டாம் என்பதால் வயற்காட்டில் இம்மதமே செல்வாக்குடையது.

அனுமானம்

வெங்காயத்தின் திசுவைப் பல்லோ கத்தியோ பிளந்தவுடன், அதுவரையில் தனித்தனியே அடைபட்டிருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் ஒன்றுகூடி, கண்ணைக் கரிக்கும் ஆவி ஒன்றைப் பிறப்பிக்கின்றன. கண்ணீருக்கென்றே வேறொரு நொதியும் இதில் உண்டென்பதை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முதலில் சிரிக்கவும் பின்பு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குரிய இக் நோபல் பரிசு 2013-இல் அதற்குக் கிடைத்தது. ஆகவே இத்துறையில் நாம் தனியராக இல்லை.

மேலும், வெங்காயத்திலுள்ள ஃபிரக்டான் என்னும் நார்ப்பொருள் ஜீரணமாகாமலே பெருங்குடலை அடைந்து, அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இரவு முழுதும் நீரில் புளித்த சோறோ லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு உறைவிடம். சோறு குடிகளைக் கொடுக்க, வெங்காயம் அவர்களுக்குப் படியளக்க, குடலில் ஒரு நல்லாட்சி நடப்பதாக அனுமானிப்பது தர்க்க விரோதமாகாது.

பூர்வபக்ஷமும் சமாதானமும்

“வாய் நாறுமே” என்பது முதல் ஆட்சேபம். வீட்டார் எல்லோரும் உண்டால் நாற்றத்தை அறிவதற்கு ஆளில்லை. ஆதலால் அது தள்ளுபடி.

இரண்டாவது ஆட்சேபம் வன்மையுடையது: இம்மக்கள் உடல்நலம் கருதியே வெங்காயம் உண்கிறார்கள், எனவே அறிவே பழக்கத்துக்குக் காரணம் என்பது. இதனை 2019-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் மறுக்கின்றன. அப்பொழுது வெங்காய விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பெரம்பலூர்ப் பக்கத்தில் விதைக்கு வைத்திருந்த வெங்காயமே வயலிலிருந்து களவுபோயிற்று. தரையினின்று சற்றே உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புக வழிவிட்டு, மேலே ஓலை வேய்ந்து அமைத்த பட்டறைகள் காலியாகி, சரக்கு கமிஷன் மண்டிக்குச் சென்றது. வெங்காயத்தின் குணங்களில் அவ்வருஷம் எதுவும் குறையவில்லை. அவற்றைப் பற்றிய ஞானத்திலும் குறைவில்லை. ஆயினும் கை, தட்டின் ஓரத்தில் வெங்காயத்தைக் காணாமல், ஊறுகாய் ஜாடியை நோக்கிச் சென்றது. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் விதித்திருப்பதை அந்தக் கை அறியாது. அறிந்திருந்தாலும் ஜாடி அருகில் இருந்தது.

இதனால் ஏற்படும் சித்தாந்தமாவது: ஆகாரப் பழக்கத்தின் ஸ்தானம் புத்தியுமன்று, நாவுமன்று, பசித்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் கை நீட்டினால் எட்டுகின்ற தூரமே அதன் ஸ்தானம். பட்டறை வீட்டோடு இருந்தவரையில் வெங்காயம் அந்த எல்லைக்குள் இருந்தது. இப்பொழுது அவ்விடத்தில் மிக்சர் டப்பாவும் பிஸ்கட் பொட்டலமும் குடியேறியிருக்கின்றன. குடியேறியவற்றைப் பழிப்பதில் பயனில்லை. காலியிடம் கிடைத்தது, வந்தன.

நிகமனம்

இனி விதிகள். உரிக்கும் சிரமமே வெங்காயத்தின் பரம சத்துரு ஆதலால், பசி வருவதற்கு முன்பே சற்று நேரம் நீரில் ஊறவைத்துத் தோலை உரித்துவிட வேண்டும். உரித்ததைக் கிண்ணத்திலிட்டு, சோற்றுப் பாத்திரத்துக்கும் உண்பவருக்கும் நடுவே வைக்க வேண்டும். மிக்சர் டப்பாவைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்தால் போதும். விதியை மீறுவோர்க்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. ஏணி போட்டுப் பரணேறி, அண்டாவை நகர்த்தி, ஒரு பிடி மிக்சரை அள்ளிக்கொண்டு இறங்குகிறவர், அதற்கு வேண்டிய தேகப்பயிற்சியைச் செய்து முடித்தவராகவே கருதப்படுவார்.