சுருங்காதன: மரப்படகு மாதிரிப் பெட்டியை முன்வைத்து ஓர் அளவியல் ஆய்வு

முன்னுரை

பெரியதைச் செய்ய ஆசாரி வேண்டும், சிறியதை யாரும் செய்துவிடலாம் என்றொரு கருத்து மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. மாதிரிப் படகுகளைப் பெட்டியில் அடைத்து விற்கும் தொழில் முழுவதும் இக்கருத்தின் மேல்தான் நிற்கிறது. பெட்டிக்கு மேலே முடிந்த படகின் வண்ணப்படம். உள்ளே லேசரில் வெட்டிய மெல்லிய பலகைகள், கொஞ்சம் நூல், ஒரு வரைபடம், பொறுமையின் அவசியம் குறித்து ஒரு பத்தி. மேலே உள்ளதற்கும் உள்ளே உள்ளதற்கும் இடையில் என்ன நிகழ்கிறது என்பதை அறிஞர் உலகம் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் வருமாறு: மாதிரிப் படகில் சுருங்குவது படகு ஒன்றே. விரல், பிழை, நார், பசை, நீர், நேரம் ஆகிய ஆறும் சுருங்கா. தொடக்கநிலையாளர் படும் பாடெல்லாம் இவ்வாறின் பிடிவாதத்தால் விளைவதே.

ஆய்வு எல்லை

மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல்களும் பீரங்கிக் கப்பல்களும் இவ்வாய்வில் அடங்கா. அவற்றைத் தொடங்கியோர் பலர் இன்னும் கட்டிக்கொண்டிருப்பதால் தரவு முழுமையடையவில்லை. எனவே தொடக்கநிலைப் பெட்டிகளில் பெயர்பெற்ற கிராண்ட் பேங்க்ஸ் டோரி, 1:24 அளவில், முதன்மைத் தரவாகக் கொள்ளப்பட்டது.

டோரி என்பது தட்டையான அடியும் வெளிப்பக்கம் சரிந்த சுவர்களும் கொண்ட துடுப்புப் படகு. அதன் பக்கப் பலகைகள் ஒன்றன் விளிம்பை ஒன்று மூடியபடி ஏறும். நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள கிராண்ட் பேங்க்ஸ் கடல்மேட்டில் காட் மீன் பிடிக்கப் போன பாய்க்கப்பல்கள் இவற்றைச் சுமந்து சென்றன. மாசசூசெட்ஸ் மாநிலம் அமெஸ்பரியில் சிமியன் லோவெல் 1793இல் தொடங்கிய படகுப் பட்டறை டோரிக்குப் பேர்போனது, இன்றும் இயங்குகிறது. 1876இல் ஆல்ஃபிரட் ஜான்சன் என்ற மீனவர் இருபதடி டோரியில் பாய் கட்டித் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து வேல்ஸ் கரையில் இறங்கினார். அட்லாண்டிக்கைக் கடந்த படகினம் ஒரு மேசையைக் கடக்கத் திணறுவது ஏன் என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

முன்னாய்வுகள்

இத்துறையில் மூத்தவர்கள் எகிப்தியர். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெக்கெட்ரே என்ற உயரதிகாரியின் கல்லறையில், ஆட்கள் துடுப்போடு அமர்ந்திருக்கும் மரப்படகு மாதிரிகள் 1920இல் கிடைத்தன. மறுமைப் பயணத்துக்காக வைக்கப்பட்டவை அவை. முடிக்க இம்மை போதாது என்று அஞ்சுவோர்க்கு இது முக்கியமான சான்று.

அடுத்து நெப்போலியன் காலப் போர்க்கைதிகள். இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்புகளைச் செதுக்கிக் கப்பல் மாதிரிகள் செய்து விற்றார்கள். வெளியே போக வழியில்லாமை இக்கலைக்கு உகந்த சூழல் என்பது இதனால் பெறப்படும்.

இயல் 1: விரல்

ஐந்தடி ஆறரை அங்குல உயரமுள்ள ஒருவர் 1:24 டோரியின் முன் உட்காருகிறார். படகை அதன் இயல்பான அளவுக்குப் பெருக்கினால் அவரையும் 24ஆல் பெருக்க வேண்டும். விடை 133 அடி. பீடத்தோடு சேர்த்துக் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையின் உயரமும் அதுவே. ஆக, வள்ளுவர் சிலை தன் சுவடியைக் கீழே வைத்துவிட்டுப் பாறையில் குனிந்து, ஒரு மீன்பிடிப் படகுக்குப் பலகை ஒட்டுவது எப்படியோ அப்படித்தான் இவ்வேலையும்.

ஒன்றரை செ.மீ. அகல விரல் இக்கணக்கில் 36 செ.மீ. ஆகிறது. நான்கு செ.மீ. தடிமனுள்ள துடுப்புக் கைப்பிடியோ 1.7 மி.மீ. ஆகிவிடுகிறது. இடைவெளியை நிரப்ப ட்வீசர் உண்டே எனின், உண்டு. ஆயினும் ட்வீசரின் பிடி தளர்ந்தால் துடுப்பு கீழே விழுவதில்லை; தெறிக்கிறது. தெறித்த திசையில் அலமாரி இருப்பது மரபு.

இயல் 2: பிழை

மாதிரியில் ஒரு மி.மீ. பிசகினால் படகில் 2.4 செ.மீ. பிசகியதாகும். அரை மி.மீ. பென்சில் கோடு 1.2 செ.மீ. அகலப் பட்டையாகிவிடும். கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்பதே ஒரு கொள்கைப் பிரச்சினை ஆவது இதனால்தான்.

உண்மைப் படகுக்குக் கடல் துணை நிற்கிறது. விளிம்பேறிய பலகைப் படகை முதன்முதலில் நீரில் இறக்கினால் கொஞ்சம் ஒழுகும். பலகை ஊறி உப்பியதும் இடுக்குகள் தாமே அடைபடும். மாதிரிப் படகு அலமாரியில் இருப்பதால் அதற்கு இவ்வருள் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்கில் அப்புவதே வழி. நம்மூர் ஆசாரிகள் கதவு இடுக்கை அடைப்பதும் இவ்வாறே என்பதால் இம்முறை தொன்மையும் மதிப்பும் உடையது. ஏமாற்று என்பார் கூற்று தள்ளத்தக்கது.

இயல் 3: நார்

மரத்தைச் சுருக்க முடியாது. ஓக் மரத்தின் துளைகள் ஒரு கப்பலில் கண்ணுக்குத் தெரியா. 1:24இல் அவை பள்ளங்களாகும். ஆகவேதான் பெட்டிகளில் நார் நெருங்கிய பாஸ்வுட் வருகிறது. மென்மையான மரம், நகம் பட்டாலும் தடம் விழும். லேசர் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும். கரியில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். தேய்த்த கரி விரலுக்கும், விரலிலிருந்து வெள்ளையாக இருக்கும் எல்லாவற்றுக்கும் மாறும்.

பலகையை வளைப்பது தனி நுட்பம். நீரும் சூடும் சேர்ந்தால் மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகும். பலகையை வெந்நீரில் ஊறவைத்து, வங்குக்கால்களின் (படகின் விலாச் சட்டங்களின்) மேல் வளைத்து, துணிக்கிளிப் போட்டுக் காயவிட்டால் வளைவு நிலைக்கும். காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் பலகை காயும்போது சுருங்கிப் பொருத்தில் இடைவெளி விடும். எல்லாம் சுருங்காமல் அடம்பிடிக்கும் இத்துறையில் சுருங்க முன்வரும் ஒரே பொருளும் தவறான நேரத்தில் சுருங்குகிறது என்க.

இயல் 4: பசை

பசை இருவகை: காய நேரமெடுப்பது, நேரமே தராதது. முன்னது வெள்ளைப் பசை. பின்னது சயனோஅக்ரிலேட். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிநோக்கிக்கான பிளாஸ்டிக் தேடியபோது இது கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கப்பட்டது. அதே குணத்துக்காக 1958இல் விற்பனைக்கு வந்தது.

இப்பசை இறுகத் தேவை ஈரம். காய்ந்த பலகையைவிட மனிதத் தோலில் ஈரம் மிகுதி. ஆதலால் பலகையோடு பலகை சேருமுன் விரலோடு பலகை சேர்வது பசையின் குற்றமன்று, வேதியியலின் நேர்மை.

இயல் 5: நீர்

முடிந்த படகை வாளி நீரில் மிதக்கவிட்டால் என்ன என்ற கேள்வி பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களிடமிருந்து எழும். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தொட்டி அமைத்துக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூட் இதற்கு விடை தந்திருக்கிறார். நீளம் 24இல் ஒரு பங்கானால், வேகமும் ஆடும் காலமும் 24இன் வர்க்கமூலமாகிய 4.9இல் ஒரு பங்காகும். எடையோ 13,824இல் ஒரு பங்கு. ஆகவே இருபதடி டோரி கம்பீரமாக ஆடும் இடத்தில் பத்தங்குல டோரி வெடவெடக்கும். வாளிக்கு ஏற்ப நீரைச் சுருக்க ஃப்ரூட்டாலும் முடியவில்லை.

இயல் 6: நேரம்

கருதுகோளுக்கு வலுவான சான்று இங்குதான் உள்ளது. லோவெல் பட்டறையில் 1911ஆம் ஆண்டில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. விடுமுறையே இல்லாமல் கணக்கிட்டாலும் நாளுக்கு ஐந்துக்கு மேல். மேசை மேல் ஒரே ஒரு சிறு டோரி கட்டுபவரைக் கேட்டால், இன்று வங்கு காய்கிறது என்பார். எனவே முழு டோரி கட்டுவதே விரைவு. தொடக்கநிலையாளர்க்கு முழு அளவுப் படகையும், தேர்ந்தவர்க்குச் சிறு பெட்டியையும் விற்பதே முறையாகும்.

மறுப்பும் விடையும்

இடர்ப்பாடு அளவில் இல்லை, கைத்திறனில்தான் என்பாரும் உளர். அவர்கள் காட்டும் சான்று ஹோவர்ட் பிளாக்பர்ன். 1883 ஜனவரியில் பனிப்புயலில் டோரியோடு கப்பலைப் பிரிந்தவர், தம் கைகளைத் துடுப்பைப் பிடித்த வடிவிலேயே உறையவிட்டு நியூஃபவுண்ட்லாந்துக் கரைவரை வலித்தார். உடன் இருந்தவர் இறந்துபோனார். பிளாக்பர்ன் விரல்கள் அனைத்தையும் இழந்தார். பின்னர் 1899இலும் 1901இலும் தனியாளாகப் பாய்ப்படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். விரலே இல்லாதவர்க்கு இது கூடுமாயின், பத்து விரல் உள்ளவர் குறைசொல்வது தகுமா என்பது அவர்தம் வாதம்.

வாதம் கனமானது. ஆயினும் பிளாக்பர்ன் படகைச் செலுத்தினார். 1:24இல் அதற்குத் துடுப்பு ஒட்டவில்லை. ஆதலின் கருதுகோள் நிற்கிறது, சற்றே வெட்கத்துடன்.

மேலாய்வுக் களங்கள்

தெறித்த பாகங்கள் சென்றடையும் இடம், முதல் படகு முடியுமுன் இரண்டாவது பெட்டி வாங்கப்படும் விதி ஆகியவை தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியவை. இல்லத்தரசிகள் எழுப்பும் ‘இதை எங்கே வைக்கப்போகிறீர்கள்?’ என்ற வினாவுக்கு மட்டும் ஈண்டே விடை கூறலாம். டோரியின் குறுக்குப் பலகைகள் கழற்றக்கூடியவை. அவற்றை எடுத்துவிட்டால், சரிந்த பக்கங்களால் ஒன்றுக்குள் ஒன்றாக அமரும். மீன்பிடிக் கப்பல்கள் பல டோரிகளை ஒரு டோரியின் இடத்தில் அடுக்கிச் சென்றது இவ்வாறே. எனவே ஒரு டோரி கட்டினாலும் ஆறு டோரி கட்டினாலும் அலமாரியில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. குறுக்குப் பலகைகளை ஒட்டாமல் விட்டு, மேலும் ஐந்து பெட்டிகள் வாங்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.