பொட்டு அடைக்கிற கதை

வா மோனை, இப்பிடிக் கார்மினே கோயில் நிழலுக்குள்ளை வந்து இரு. அந்தப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இரு. மீன்காரன் ஒண்டும் சொல்லான், அவனை மூக்குச் சளியோடை திரிஞ்ச காலத்திலையிருந்து எனக்குத் தெரியும். ஏன் முகம் நாலு நாள் விக்காமல் கிடந்த கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு? நாய் பேந்தும் வேலிக்குக் கீழாலை போட்டுதோ? இந்தக் கிழமையிலை மட்டும் மூண்டு தரமோ! நீ வேலைக்குப் போற நாளைவிட அது கூடப் போகுது போலை.

சிஞ்ஞோரா பேசினவவோ? பேசாமல் என்ன செய்வா? வளவையும் நாயையும் பாக்கச் சொல்லித்தானே உனக்குச் சம்பளம். வளவு அப்பிடியே கிடக்கு, நாயைத்தான் காணேல்லை.

சரி, இதுவரைக்கும் செய்த வைத்தியத்தைச் சொல்லு கேப்பம். கிடங்கை மண்ணாலை மூடினாய். கெட்டிக்காரன். கிண்டின மண்ணைப் பிட்டுமா மாதிரிக் கொழிச்சுத் திருப்பிப் போட்டிருக்கிறாய். முதல்நாள் அரை மணித்தியாலம் மினக்கெட்ட நாய், அடுத்தநாள் அஞ்சு நிமிஷத்திலை அலுவலை முடிச்சிருக்கும். பிறகு? தூள் கொட்டினனியோ? எந்தத் தூள்? கொம்மா சாவகச்சேரியிலையிருந்து பார்சலிலை அனுப்பின தூளோ! அட பாழ்படுவானே, வறுத்து இடிச்ச தூளடா அது! இந்தப் பலெர்மோப் பல்லரோச் சந்தை முழுக்கத் தேடினாலும் அந்த வாசம் வருமோ? நாய் ரெண்டு தும்மல் தும்மிப்போட்டு அஞ்சடி தள்ளிக் கிண்டினது எண்டுறாய். பின்னை, வேலியிட்டை மன்னிப்புக் கேட்டிட்டுப் படுக்குமெண்டு நினைச்சியோ? வாயில்லாச் சீவன்ரை கண்ணும் மூக்கும் எரிஞ்சதுதான் மிச்சம். அந்த வேலையை இனிச் செய்யாதை. தூள் மிச்சமிருந்தால் என்னட்டைக் கொண்டா.

நாயின்ரை படத்தைக் காட்டு பாப்பம். அட, உது எங்கடை பனங்கூடலுக்குள்ளை திரிஞ்ச செவலை நாயல்லோ! நிமிந்த காது, ஒட்டின வயிறு, ஈர்க்குக் கால். ஒரு வித்தியாசம், இதுக்குப் பத்திரம் இருக்கு. சிர்னேக்கோ தெல் எத்னா எண்டு பேர், சிசிலியின்ரை சொந்தச் சாதி. 1939 இலை இதுக்கு லட்சணம் எழுதி வைச்சவங்கள். ஆண் நாயெண்டால் 46 இலையிருந்து 50 சென்ரிமீற்றர் உயரம், 10 இலையிருந்து 12 கிலோ நிறை. எங்கடை கலியாணத் தரகர் கேக்கிற மாதிரித்தான். பழமையும் கொஞ்சநஞ்சமில்லை. இஞ்சை பக்கத்திலை செகெஸ்தா எண்டு பழைய பட்டினம். கிறிஸ்துவுக்கு முன் அஞ்சாம் நூற்றாண்டிலையே அவையள் வெள்ளிக் காசிலை நாயை அடிச்சு வைச்சவை. அந்த ஊர் ஆத்துத் தெய்வம் கிரிமிசோஸ், நாய் உருவெடுத்து வந்து ஒரு பெட்டையைச் சேர்ந்ததெண்டு கதை. எங்கடை வயிரவருக்கு நாய் வாகனம், இவையளுக்கு நாயே மாப்பிள்ளை.

அந்தப் பரம்பரையின்ரை தொழில் என்ன தெரியுமோ? எத்னா எரிமலைக் குழம்பு உறைஞ்ச கல்லிடுக்குக்குள்ளை ஒளிக்கிற முயலை மோந்து பிடிக்கிறது. அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் முயல் வேட்டை. அதைக் கொண்டந்து பவோரீத்தாப் பூங்காவுக்குப் பக்கத்து வளவுக்குள்ளை விட்டுப்போட்டு, ரோசாப்பூவைப் பாத்துக்கொண்டு பேசாமல் இரு எண்டால் இருக்குமோ? அந்தப் பவோரீத்தா ஆர் வளைச்ச காணி? 1798 மார்கழியிலை பிரெஞ்சுப் படைக்குப் பயந்து நாப்போலியை விட்டுக் கப்பலேறி ஓடி வந்த பெர்தினாந்து ராசா, அடுத்த வருஷமே வேட்டையாட எண்டு உண்டாக்கினது. ஓடி வந்த எங்களுக்கு முதல் அலுவல் சொஜோர்னோ எண்டுற வதிவிட அனுமதி எடுக்கிறது, ஓடி வந்த ராசாவுக்கு முதல் அலுவல் வேட்டைக் காணி. ராசாவாலையே ஒரு வருஷம் வேட்டையில்லாமல் இருக்கேலாமல் போச்சு. நீ நாயோடை கோவிக்கிறாய்.

வேலியிலை விழுற ஓட்டையைப் பொட்டு எண்டு சொல்லுறது, உனக்கு விளங்குதோ? நீ வளந்த காலத்திலை ஊரிலை பாதி வேலி தகரமாயும் மதிலாயும் மாறியிட்டுது. எங்கடை காலத்திலை கிடுகு வேலி. பூவரசங் கதியால், கிளுவங் கதியால் நட்டு, வருஷத்துக்கு ஒருக்கால் கிடுகு வைச்சு அடைக்கிறது. அடைக்கிற அண்டைக்குத்தான் கதியாலுக்குக் கால் முளைக்கும். ராவோடை ராவா நாலு விரற்கடை அங்காலை நகந்து நிக்கும். விடிஞ்சால் சண்டை, பிறகு வழக்கு, அந்த வழக்கைப் பேரன் வரைக்கும் முதுசமாய் எழுதி வைக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி எண்டுற மாதிரி, ரெண்டு வீட்டுக்காரரும் கோட்டு வாசலிலை நிப்பினம்.

அதே வேலியிலைதான் பொட்டும் இருக்கும். நாய் போட்ட பொட்டுக்குள்ளாலை கோழி போகும். கோழிக்குப் பின்னாலை பிள்ளை போகும். பிள்ளையைத் தேடி ஆச்சி போவா. ஆச்சி போனால் இஞ்சாலையிருந்து கறி போகும், அங்காலையிருந்து கதை வரும். பகலிலை வழக்குப் பேசின வீடு, பின்னேரம் பொட்டுக்குள்ளாலை சுண்டல் வாங்கித் தின்னும். 1987 இலை இந்தியன் ஆமி வந்த மூட்டம் றோட்டிலை தலை நீட்டேலாது. பொட்டுக்குப் பொட்டாலைதான் சனம் ஊர் கடந்தது. அண்டைக்குப் பொட்டு வைச்ச நாய்களுக்கு ஒருத்தரும் சிலை வைக்கேல்லை.

எங்கடை வீட்டிலையும் ஒரு செவலையன் நிண்டவன். எங்கடை அப்பு வலு ரோசக்காரர். நாய் பொட்டு வைக்கிறதெண்டால் தன்ரை அறுக்கையிலை குறை எண்டு ஊர் கதைக்குமாம். கறுக்கு மட்டையை வெட்டி, அலவாங்காலை கிடங்கு கிண்டி, வேலி நீளத்துக்கும் தாட்டவர். மூண்டு நாள் வேலை, மூண்டு போத்தில் கள்ளு. நாலாம் நாள் செவலையன் சங்கடப் படலைக்குக் கீழாலை கிண்டிக்கொண்டு போட்டான், அங்கை மட்டை தாக்கேல்லை. பேந்துதான் எங்கடை ஆச்சி கேட்டா, "உங்கடை நாய் எங்கை போகுதெண்டு ஆராவது பின்னாலை போய்ப் பாத்தனீங்களோ?" போய்ப் பாத்தால், நாலாம் வளவிலை ஒரு கிழவி ஒவ்வொரு மத்தியானமும் அவனுக்கெண்டு மீன்தலை எடுத்து வைச்சிருக்கிறா. அப்பு மூண்டு நாள் மட்டை தாட்டதுக்கு, ஒரு மீன்தலை வாங்கியிருந்தால் காரியம் முடிஞ்சிருக்கும்.

இனி உன்ரை கேசுக்கு வாறன். கிடங்கைப் பாத்தியோ, என்ன மாதிரி இருக்கு? மரத்தடியிலை, நாய் சுருண்டு படுக்கிற அளவிலை வட்டமாய் இருந்தால் அது ஓட்டமில்லை, வெக்கை. ஷிரொக்கோக் காத்து ஆபிரிக்காவிலையிருந்து அடிக்கேக்கை மேல்மண் சுடும், கீழ்மண் குளிரும். பலெர்மோப் பிரபுக்கள் என்ன செய்தவை? அரபுக்காரர் கொண்டந்த வித்தையிலை, கனாத் எண்டு நிலத்துக்குக் கீழாலை வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டு போன ஊரல்லோ இது. அந்தக் குளிர்ச்சியை நம்பிப் பாறையைக் குடைஞ்சு ஷிரொக்கோ அறை கட்டி, காத்து அடங்கும் வரைக்கும் உள்ளை இருந்து விசிறினவை. பிரபு கிண்டினால் மாளிகை, நாய் கிண்டினால் குற்றம். நிழலும் ஒரு வாளி தண்ணியும் வை, அந்தக் கிடங்கை நீ மூடத் தேவையில்லை.

வேலியோடை ஒட்டித்தான் கிண்டுதோ? அப்ப அது பயணம். ஆண் நாயோ? நலம் அடிக்காத நாயோ? அயலிலை ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் கொங்கிறீற்றும் தாங்காது. அந்தக் கதையைச் சிஞ்ஞோராவும் மிருக வைத்தியரும் கதைக்கட்டும், நீ இளந்தாரி, உனக்கு அது வேண்டாம். யூலை 14 இரவு புனித ரோசாலியாத் தாயின்ரை திருவிழா வாணவேடிக்கைக்கு நாயை வீட்டுக்குள்ளை எடுத்து வை. வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்யுமெண்டு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தத் தாயின்ரை எலும்பையும் 1624 யூலையிலை மொந்தே பெல்லெகிறீனோக் குகையிலை கிண்டித்தான் எடுத்தவை. ஊர்வலமாய்க் கொண்டு போகக் கொள்ளைநோய் ஒழிஞ்சதெண்டு சனம் நம்புது. கிண்டினதாலை தப்பின ஊரிலை நிண்டுகொண்டு, கிண்டாதை எண்டு நாய்க்கு எந்த முகத்தோடை சொல்லுறது?

இப்ப ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. மூண்டு தரமும் நாயை எங்கை பிடிச்சனி? பஸ் தரிப்பிலையோ? மூண்டு தரமும் பஸ் தரிப்பிலையோ! எந்தத் தரிப்பு? நீ பின்னேரம் ஏறுற தரிப்போ?

ஏன் பேசாமல் இருக்கிறாய்? நான் சிரிக்கேல்லை, இருமினனான்.

காலமை ஏழு மணிக்குப் போறாய். போனை நோண்டிக்கொண்டே பூவுக்குத் தண்ணி விடுறாய். நாய் உன்ரை காலுக்குள்ளை நிக்கும், நீ "தள்ளு, தள்ளு" எண்டுவாய். ரெண்டு மணிக்கு, அது பாக்காத நேரம் பாத்து, கள்ளன் மாதிரிப் படலையைச் சாத்திப்போட்டு வெளிக்கிடுறாய். நாய்க்கு வேலையுமில்லை, இருக்க நேரமுமில்லை எண்டு சும்மாவே சொன்னவை? முயலும் இல்லை, நீயும் இல்லை. பாவம், அது உன்ரை மணத்தைப் பிடிச்சுக்கொண்டு தரிப்பு வரைக்கும் வந்திருக்கு. அதுக்கு மேலை, உன்னட்டை வந்ததும் பிடிச்சு ஏசினனியாம். கிண்டினதுக்கு ஏச்செண்டு நாய்க்குத் தெரியாது, உன்னட்டை வந்ததுக்கு ஏச்செண்டுதான் விளங்கும். அடுத்தமுறை வராமலே விட்டுடும்.

இப்பிடிச் செய். நாளையிலையிருந்து வேலை துடங்க முதல் ஒரு மணித்தியாலம் நாயைக் கூட்டிக்கொண்டு நட. தெருவிலை வார் ஒண்டரை மீற்றருக்கு மேலை நீளக் கூடாது, அது இஞ்சத்தை விதி. நேர்த்தியெண்டு மாசத்துக்கு ஒருக்கால் ரோசாலியாத் தாயட்டை வெறுங்காலோடை மலை ஏறுறாய்தானே, அதையும் கூட்டிக்கொண்டு ஏறு, வாசலிலை சிநேகிதன் ஆராவது பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். வளவிலை ஒரு மூலையை அதுக்கெண்டு எழுதிக் குடு. மணல் கொட்டி எலும்பைத் தாட்டு வை, கிண்டினால் அங்கை கிண்டட்டும். சீதனக் காணியெண்டு நினை. வெளிக்கிடேக்கை கொறிக்க எதையாவது குடுத்திட்டு, கள்ளன் மாதிரிப் பதுங்காமல் நேராய்ப் போ.

வேலியையும் சும்மா விடாதை. ஒரு மீற்றர் அகலத்திலை நாகம் பூசின கம்பிவலை வாங்கு. 40 சென்ரிமீற்றரை வேலியோடை நிமித்திக் கட்டு, மிச்சம் 60 ஐ உள்பக்கம் நிலத்தோடை படிய மடிச்சு விடு. வெட்டின நுனிக் கம்பியைக் கீழாலை வளைச்சு விடு, காலைக் கிழிக்கும். ஆப்படிச்சு, மேலை கல்லும் மண்ணும் போடு, ரெண்டு மாசத்திலை புல்லு வலைக்குள்ளாலை வந்து மூடியிடும். நாய் பெரும்பாலும் வேலியடியிலை மூக்கை வைச்சுத்தான் கிண்டத் துடங்கும், நகம் கம்பியிலை தட்டும். ரெண்டடி பின்னுக்கு வந்து கிண்டினால் அங்காலை போகலாமெண்டு கணக்குப் போடத் தெரியாது. தெரிஞ்சால் அது எங்கடை கதியால் நகத்துற ஆக்களின்ரை சாதி. படலைக்குக் கீழையும் போடு, எங்கடை அப்புவை நினைச்சுக்கொள்.

சங்கிலியிலை கட்டலாமோ எண்டு மட்டும் கேக்காதை. 2025 யூலையிலையிருந்து இந்த நாட்டிலை நாயைச் சங்கிலியிலை கட்டி வைக்கிறது சட்டப்படி தடை. கட்டாமல் விட்டு அது வெளியிலை போய் ஆரையும் கடிச்சால் அதுவும் சிஞ்ஞோராவின்ரை தலையிலைதான். நாய் தப்பி ஓடினதெண்டு சொல்லித் தப்பேலாதெண்டு சிவில் சட்டக் கோவை 2052 ஆம் பிரிவு சொல்லுது. ரெண்டையும் அவவுக்குச் சொல்லு, வலைக்குக் காசு உடனை தருவா. உன்ரை காசிலை வாங்கிப் போடாதை, விசரா.

வேலிக்குக் கீழாலையும் எல்லைக்குக் கீழாலையும் புகுந்து வந்த ஆக்கள் நாங்கள், இண்டைக்கு வேலி அடைக்கச் சம்பளம் வாங்கிறம் எண்டு எனக்கும் சிரிப்புத்தான். அதை விடு.

எழும்பு. அந்த மூலையிலை பனெல்லே பொரிக்கிறான், கடலைமா மணம் இஞ்சை வருது. சுடச்சுடப் பாணுக்குள்ளை வைச்சு ரெண்டு வாங்கிக்கொண்டு வா, அதுதான் என்ரை கூலி. ஒண்டு எனக்கு. மற்றதை நாய்க்குக் கொண்டு போகாதை, அதுக்கு உப்பும் எண்ணெயும் கூடாது. நீயே தின்.