டேங்கைக் கடைசியில் பாருங்கள்

உங்கள் பழைய அம்பாசிடர் மேட்டில் திணறி நிற்கிறதா? காரணம் கண்டுபிடிக்க முறையான வழி ஒன்று உண்டு. ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளக்கை மாற்றுங்கள். அடுத்து பாயின்ட், கண்டென்சர், காயில். அப்போதும் நிற்கிறதா? சந்தோஷப்படுங்கள், கோளாறு அங்கே இல்லை என்பது உறுதியாகிவிட்டது. இனி கார்புரேட்டர். மெக்கானிக் கழற்றி, ஊதி, மாட்டித் தருவார். நாலு நாள் வண்டி பறக்கும். அந்த நாலு நாளில் அவர் புகழை ஊரெல்லாம் சொல்லிவிடுங்கள், ஐந்தாம் நாள் சொல்ல முடியாது.

பங்க்காரரோடு சண்டை போடவும் ஒருநாள் ஒதுக்குங்கள். ஃபில்டர் பேப்பர் கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். சொட்டு விட்ட இடத்தில் கறை இல்லாமல் ஆவியானால் பெட்ரோல் சுத்தம். உங்கள் டேங்கில் ஆறு மாதமாகக் கிடக்கும் தண்ணீரை அந்தத் தாள் காட்டாது என்பதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

டேங்க் பக்கம் போகவே கூடாது. பெட்ரோல் ஊற்றும் இடத்தில் பெட்ரோல்தானே இருக்கும்? அரை டேங்கோடு ஷெட்டில் நிற்கும் வண்டியில் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்து இறங்கும். மூடியின் வாஷர் போயிருந்தால் மழைநீரும் சேரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் படுத்துக்கொண்டு தகரத்தைத் துருவாக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். என்ஜினுக்குப் போகும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

நின்ற வண்டி பத்து நிமிடத்தில் தானாகக் கிளம்பினால் எலுமிச்சம்பழம் வையுங்கள், பலன் நிச்சயம். குழாயை அடைத்த துரு, இழுவை நின்றதும் கீழே விழ அவ்வளவு நேரம்தான் ஆகும். (வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பை அடைத்தாலும் இப்படித்தான் நடக்கும். ஆனால் அது குளிர்ந்த காலையில் வராது.)

பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்றும் உண்டு. என்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் பீடி இல்லாத இடத்தில், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர், செம்பழுப்பு வண்டல் என்றால் துரு, கறுப்புத் துகள் என்றால் பழைய ரப்பர் ஹோஸ். பெயின்ட் வாடை வந்தால் பெட்ரோலே கெட்டுவிட்டது.

டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றுவதாக இருந்தால், ஒரு டஜனாக வாங்கிக்கொள்ளுங்கள்.