8085-க்கு ஓய்வூதியம் இல்லை

புதுச்சேரியில் பழசுக்குத் தனி மவுசு. பிரெஞ்சுக்காரன் காலத்து வீட்டுத் தூணுக்கு மஞ்சள் பூசினால் அது ஓட்டல். பிரான்சு ராணுவத்தில் இருந்த சொல்தாவுக்குப் பாரிசிலிருந்து ஓய்வூதியமே வருகிறது. ஓய்வே கிடைக்காத ஆள், இன்டெல் 1976-இல் பெற்றெடுத்த 8085 மைக்ரோபிராசசர்.

மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்தக் காலத்து மைக்ரோபிராசசர் கிட்டைத் தேடிப்பிடித்து, துடைத்து, விருந்தாளிக்குக் காட்டுகிறார்கள். நம் பொறியியல் கல்லூரிகளோ அதே வேலையை ஆய்வகம் என்ற பெயரில், மதிப்பெண்ணோடு நடத்தி வந்திருக்கின்றன. சட்டைப்பையில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர் கொண்ட போன். எதிரே 6,500 டிரான்சிஸ்டர் பெரியவர். 06, 80, 76 என்று ஹெக்ஸ் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ரெண்டும் மூணும் அஞ்சு என்று சிவப்பு எழுத்தில் அவர் ஒப்புக்கொள்ளும் வரை மாணவன் கைகட்டி நிற்கவேண்டும். நடுவில் கரண்ட் போனால் ராமில் இருந்ததெல்லாம் காலி, மறுபடி முதலிலிருந்து.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் இப்படியொரு கிட் தென்பட்டால், ஈப்ராம் சில்லின் கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள். ஸ்டிக்கர் உரிந்து ஒரு வாரம் நேர்வெயிலில் காய்ந்திருந்தால் உள்ளிருந்த நிரல் அழிந்திருக்கும். எடைக்குத்தான் விலை கேளுங்கள். முகத்தில் மட்டும் ஆசையைக் காட்டிவிடாதீர்கள்.