கொடி பார்த்து நிரல் வை

மென்பொருள் நிரலை எங்கே வைப்பது என்று புதுச்சேரி இளைஞர்கள் கடற்கரைச் சாலையில் நடத்தும் விவாதம் மெய்சிலிர்க்க வைக்கிறது. 1954இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைமாறி, 1962இல்தான் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த ஊராயிற்றே, அவசரப்படலாமா?

நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்பா? 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. கொடி மாறிய இடத்தில் குடியிருப்பதா! கிட்லேபைச் சொந்த சர்வரிலேயே நிறுவலாம், கரண்ட் போனால்? கூகுள் கோட் 2016இல் கடையையே கட்டிவிட்டது. கோட்பெர்க் பெர்லின்காரர்களுடையது. பிரெஞ்சு ஊரில் ஜெர்மானியரா என்றார் ஒரு பெரியவர். நியாயம்தானே.

ஆர்க்டிக் சுரங்கத்தில், ஆயிரம் ஆண்டு தாங்கும் படச்சுருளில், 2020இல் கிட்ஹப் நிரல்களைப் பத்திரப்படுத்தியது. அதற்குக் குறைந்த பாதுகாப்பு நமக்கு வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

நிரலைப் பார்க்கலாமா என்றேன்.

“பென்டிரைவில் இருக்கு சார், ‘ஃபைனல் புதுசு 2’னு.”

பென்டிரைவ்?

“லாஸ்பேட்டை ஜெராக்ஸ் கடையில.”